பேரப்பிள்ளை எப்போது பேசும்?
உட்செவிக் கருவியும் பேச்சுப் புரிதலும்: மூத்தோருக்கான உரை

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் சொல்வதைத் தமிழில் உங்களிடம் சேர்ப்பது என் வேலை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது உட்செவிக் கருவி, பற்றி இன்று பேசுகிறேன். தாத்தா பாட்டிகள் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கருவி வைத்தால் பிள்ளைக்கு நம் பேச்சு புரியுமா?"

நம் உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்முடிச் செல்கள்தாம் ஒலியை நரம்புக்கு அனுப்புகின்றன. அவை பெரிதும் பழுதாகிவிட்டால், சாதாரண காதுக் கருவி ஒலியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் குறைவு. உட்செவிக் கருவி அந்தச் செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. இதைச் செய்வது, கருவியின் வகையைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். ஆயிரக்கணக்கான செல்கள் செய்த வேலை அது. ஆகவே பிள்ளைக்குக் கேட்பது நமக்குக் கேட்பதுபோல் இருக்காது. அந்த ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும்.

இதனால்தான் ஒரே கருவி வைத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சில ஆண்டுகளில் தொலைபேசியில் பேசுகிறார், இன்னொருவருக்கு உதட்டைப் பார்த்தால்தான் விளங்குகிறது. யார் எப்படி வருவார் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். 'கணிப்பு' என்று நான் சொன்னதும் சிலர் ஜாதகம்போல் எடுத்துக்கொள்கிறார்கள். வானிலைக் கணிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலருடைய அனுபவத்தை வைத்துச் சொல்வது அது. உங்கள் பேரனுக்கு அப்படியே நடந்துதான் தீரும் என்பதில்லை.

கணிப்பில் பெரிய இடம் வயதுக்கு. 2002இல் அமெரிக்காவில் அனு ஷர்மாவும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய பிள்ளைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறது என்று அளந்தார்கள். ஏறக்குறைய மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற பிள்ளைகளின் மூளை, சில மாதங்களிலேயே மற்றப் பிள்ளைகளின் மூளையைப்போல் செயல்பட்டது. ஏழு வயதுக்குமேல் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தாமதம் நீடித்தது. ஒலி வராமலே இருந்தால், கேட்பதற்கான மூளைப் பகுதி வேறு வேலைக்குப் போய்விடுகிறது. இப்போது ஒரு வயதையொட்டியே பல பிள்ளைகளுக்குக் கருவி வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிறந்த குழந்தைக்குச் செவிப் பரிசோதனை செய்துவிட்டு, மீண்டும் வரச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள், "அவள் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், அவசரம் எதற்கு?" என்கிறார்கள். "கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறாளே" என்பார்கள். கதவு அதிர்வது உடம்புக்குத் தெரியும், அதற்குக் காது தேவையில்லை. காதில் எண்ணெய் விடுவதாலும் இந்தக் கேளாமை தீராது. முதல் மாதத்தில் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் கண்டறிதல், ஆறு மாதத்திற்குள் உதவியைத் தொடங்குதல் என்பது மருத்துவர்களின் குறிக்கோள். அன்பினால் சொல்லும் "பொறுத்துப் பார்ப்போம்" என்ற சொல்லில் அந்த மாதங்கள் கரைந்துவிடுகின்றன.

கேளாமைக்கான காரணத்தையும் மருத்துவர்கள் பார்ப்பார்கள். கனெக்சின் 26 என்ற மரபணுவின் மாற்றத்தால் வந்தது என்றால், பெரும்பாலும் நரம்பு நன்றாக இருக்கும், பலனும் நன்றாக வரும். செவி நரம்பே மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மூளைச்சவ்வு அழற்சிக்குப் பின் சில பிள்ளைகளுக்கு உட்செவிக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடும். அப்போது அறுவை சிகிச்சையை விரைவுபடுத்துவார்கள்.

2018இல் சிகாகோவிலும் ஹாங்காங்கிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 37 பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்குமுன் எடுத்த எம்ஆர்ஐ மூளைப் படங்களைக் கணினியிடம் கொடுத்து, யாருடைய பேச்சுப் புரிதல் எவ்வளவு முன்னேறும் என்று கணிக்கச் செய்தார்கள். கேளாமையால் பாதிக்கப்படாத மூளைப் பகுதிகளே நல்ல தடயம் தந்தன. சிறிய ஆய்வுதான். இதை யாருக்குக் கருவி வேண்டாம் என்று ஒதுக்குவதற்காகச் செய்யவில்லை. யாருக்குக் கூடுதல் பேச்சுப் பயிற்சி தேவை என்று முதலிலேயே அறிவதே நோக்கம்.

இவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பவை வேறு. கருவியைப் பிள்ளை நாள் முழுவதும், விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். சிணுங்குகிறது என்று பாட்டி கழற்றி வைத்தால் கருவிக்கே தெரியும், அது மணிக்கணக்கைப் பதிவு செய்கிறது! அடுத்தது பேச்சு. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை பார்க்கும் பொருளைப் பற்றிப் பேசுங்கள். "என் ஆங்கிலம் சரியில்லை, பிள்ளை குழம்பிவிடும்" என்று வாய் மூடி இருப்பவர்கள் உண்டு. நீங்கள் சரளமாகப் பேசும் தமிழிலேயே பேசுங்கள். திக்கித் திணறிப் பேசும் ஆங்கிலத்தைவிட அது பிள்ளைக்கு நல்லது.

வயதையும் வேறு மாதிரி கணக்கிடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றுதான் கேட்கும் வயது தொடங்குகிறது. ஒன்றரை வயதில் இயக்கினால், மூன்று வயதுப் பிள்ளையின் கேட்கும் வயது ஒன்றரைதான். பக்கத்து வீட்டு மூன்று வயதுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பெயர் சொன்னதும் திரும்புவது ஒரு படி. "செருப்பை எடு" என்பது புரிவது அதற்கும் மேலே வேறொரு படி.

கடைசியாக, தினமும் காலையில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. பிள்ளைக்கு உங்கள் வாய் தெரியாதபடி பின்னால் அமர்ந்து ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளையும் வழக்கமான குரலில், இடைவெளி மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு கட்டையைப் பெட்டியில் போடட்டும். இந்த ஆறும் பேச்சின் கனத்த ஒலி முதல் கூரிய ஒலிவரை அடக்குபவை. நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் முதலில் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே செவிப்புல வல்லுநரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த ஒலி என்று சொல்லுங்கள்.