சான்றை வினாவும் கல்வி



சரித்திரமும் பூமிசாஸ்திரமும் மனனஞ் செய்யும் பாடங்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அரசர் பெயரையும் ஆற்றின் நீளத்தையும் ஒப்புவித்தாற் போதும் என நினைக்கிறோம். ஐ.பி. எனப்படும் சர்வதேசக் கல்வித் திட்டம் இவ்விரு பாடங்களையும் வேறு முறையிற் போதிக்கின்றது. அதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலாம் உலக யுத்தத்தின் பின், சமாதானத்தை நாடி அமைந்த சர்வதேச சங்கம் ஜெனிவா நகரில் இயங்கியது. அங்கே பணியாற்ற வந்தோரின் பிள்ளைகளுக்காக 1924 இல் ஒரு சர்வதேசப் பாடசாலை தோன்றியது. பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்தனர். எந்த நாட்டுச் சரித்திரத்தை அவர்களுக்குக் கற்பிப்பது? இத்தகைய சிக்கல்களை ஆராயச் சமூகபாட ஆசிரியர்கள் 1962 இல் அந்நகரிற் கூடினர். 1968 இல் ஐ.பி. ஸ்தாபனம் முறையாக அமைந்தது.

அதன் டிப்ளோமா வகுப்பிற் சரித்திரம் கற்போர், ஒரு சான்றைக் கண்டவுடன் நம்பிவிடுவதில்லை, தள்ளிவிடுவதுமில்லை. எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எந்த நோக்கத்துடன் எழுதினார்? இவற்றை வினாவிய பின்பே அதன் பயனையும் குறையையும் நிறுக்கின்றனர்.

அவர்கள் கற்கும் ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 1931 செப்ரெம்பர் 18 ஆந் திகதி, மஞ்சூரியாவின் முக்டன் நகருக்கருகே, ஜப்பானியர் வசமிருந்த புகையிரதப் பாதையில் வெடி வெடித்தது. சீனரே செய்தனர் என்று கூறி, ஜப்பானியச் சேனை மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. சீனா ஜெனிவாவிலே முறையிட்டது. லிட்டன் பிரபுவின் குழு நேரிற் சென்று ஆராய்ந்தது. சேனையின் நடவடிக்கை நியாயமான தற்காப்பு ஆகாது என 1932 இல் அறிக்கை விடுத்தது. மறுவருடம் ஜப்பான் சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. வெடி வைத்தோர் ஜப்பானியச் சேனை அதிகாரிகளே என்பது பின்னர் வெளியாயிற்று. அதற்கிடையிற் சேனையின் கூற்றை நம்பிய ஜப்பானிய மக்கள் பலர் யுத்தத்தை ஆதரித்துவிட்டனர்.

பூமிசாஸ்திர மாணவரோ வெளிக்களத்துக்குச் செல்லவேண்டும். ஆறு கீழே செல்லச் செல்ல அதன் அகலமும் ஆழமும் வேகமும் கூடும் என்று நூல் சொல்லும். அவர்கள் அளவுநாடாவுடன் நீரில் இறங்கிப் பல இடங்களில் அளக்கின்றனர். தோடம்பழம் ஒன்றை மிதக்கவிட்டு, குறித்த தூரத்தை அது கடக்கும் நேரத்தைக் கணிக்கின்றனர். அளவு நூலோடு ஒவ்வாவிடின் அதனை மறைப்பதில்லை. அணை காரணமா, பாறை காரணமா என்று தேடி, அதனையும் எழுதுகின்றனர்.

இக்கல்வி செலவு மிக்கது; எல்லார்க்கும் எட்டுவதன்று. ஆயினும் அதன் வினாக்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றார் கூற்றை ஐயுறுதல் எளிது. நமக்கு இனிக்கும் கூற்றையும், நம் தரப்பைப் புகழும் பத்திரிகையையும் அதே வினாக்களால் நிறுப்பதே கடினம். இளைஞர்கள் அவ்வாறு வினாவட்டும். பெரியோர்கள் சினவாது விடையளிக்கட்டும். இப்பேச்சையும் அவ்வண்ணமே வினாவுமாறு வேண்டி அமைகின்றோம்.