பையும் வீடு தேடி வரட்டும்



மலத்தைப் பற்றி மேடையில் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் விட்டதால்தான் நம் விருத்தாசலத்துத் தெருக்களில் சிலர் மாசி மகத் தேருக்குக்கூட வெளியே வராமல் கிடக்கிறார்கள். குடலில் புற்றுநோய் வந்தவர், குடல் முறுக்கிக்கொண்டவர், விபத்தில் வயிறு கிழிந்தவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தை: இவர்களைக் காப்பாற்றக் குடலின் முனையை வயிற்றுக்கு மேலே கொண்டுவந்து திறந்துவிடுகிறார்கள்; அதுதான் குடல்வாய். அதன்மேல் ஒரு பை. பெருங்குடல் என்றால் கொலாஸ்டமி. சிறுகுடல் என்றால் இலியாஸ்டமி. சிலருக்குச் சில மாதங்களில் மூடிவிடுவார்கள். சிலருக்கு ஆயுளுக்கும் அதுதான் வழி.

உயிர் பிழைத்தாயிற்று; பாடு அதற்குப் பிறகுதான். சிறுகுடலிலிருந்து வருவது செரிமான நீர் கலந்தது. தோலில் பட்டால் வெந்து புண்ணாகிவிடும். பெரும்பாலும் காரணம், பையின் துவாரத்தைப் பெரிதாக வெட்டுவதுதான். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் அந்தக் குடல்வாய் சுருங்கிக்கொண்டே வரும். அளந்து அளந்துதான் வெட்டவேண்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். நம் ஊர்ப் பீங்கான் சூளையடியில் நிற்பவருக்கு வியர்வையில் பசை விட்டுப்போகும். களிமண் மூட்டை தூக்கினால் குடல்வாயைச் சுற்றிக் குடலிறக்கம் வரலாம். அவருக்குப் பாரமில்லாத வேலையை மாற்றிக் கொடுங்கள், முதலாளிகளே. அது சலுகை அல்ல, கடமை. இலியாஸ்டமிக்காரருக்கு உப்பும் நீரும் சீக்கிரம் வற்றும். உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்போதும் கைவசம் இருக்கட்டும். குடல்வாய் உதட்டின் உட்புறம்போல் சிவந்திருந்தால் நலம். கறுத்தால், வீங்கி அடைத்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இந்தப் பை பிறந்த கதையைக் கேளுங்கள். 1954இல் டென்மார்க்கில் தோரா என்ற பெண்ணுக்கு இந்த அறுவை நடந்தது. ஒழுகிவிடுமோ என்று அஞ்சி வீட்டோடு முடங்கினார். அவருடைய அக்கா எலிசே சோரன்சன் ஒரு செவிலியர். தங்கைக்காக, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை யோசித்தார். இன்று உலகமே அணிவது அந்த வழியில் வந்த பையைத்தான். அதே 1950களில் அமெரிக்க மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் தோலைக் காக்கப் பயன்படுத்தியது கராயா பிசின்; நம் இந்தியக் காட்டு மரத்தில் வடிவது அது. மரம் நம்முடையது. ஆனால் நம் ஏழைகள் இன்றும் பாலிதீன் கவரைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இதைவிட வேதனை என்ன இருக்கிறது?

முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை நடக்கிறது. வீடு திரும்பியபின் பைக்கு மாதாமாதம் கைக்காசு கரைகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. சிறுநீரகத்துக்குச் செய்வதைக் குடலுக்கும் செய்ய முடியாதா? வழியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள்.

ஆகவே, கொலாஸ்டமி, இலியாஸ்டமிப் பைகளையும் தோல் காக்கும் பசையையும் அந்தத் திட்டத்திலேயே இலவசமாக வழங்கவேண்டும். நம் பேருந்து நிலையக் கழிப்பறையில் பையைக் கழுவத் தண்ணீர்க் குழாயும் தாழ்ப்பாளும் வேண்டும். இந்த மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. வெளியே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.