பிறவிக் கள்வன் எவன்?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. பயிரைப் பற்றிய பேச்சைப் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாக்கிவிட்டார்கள். பத்து வயதுச் சிறுவன் கடையிலே ஒரு வாழைப்பழத்தை எடுத்துவிட்டால் போதும். "இவன் உருப்படமாட்டான், சிறைக்குத்தான் போவான்" என்று திண்ணையிலே அமர்ந்தபடியே தண்டனை வழங்கிவிடுகிறார்கள். முளையைப் பார்த்தவர்கள் மண்ணைப் பார்த்தார்களா? நீர் பாய்ச்சினார்களா? வேலி கட்டினார்களா? இதைத்தான் இன்று கேட்க வந்திருக்கிறேன்.

இத்தாலி நாட்டிலே லொம்ப்ரோசோ என்றொரு மருத்துவர் இருந்தார். கொள்ளைக்காரன் ஒருவனின் மண்டையோட்டை ஆராய்ந்தார். பின்புறத்திலே ஒரு பள்ளம் கண்டார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்று முடிவு கட்டி, 1876-இல் நூலும் வெளியிட்டார். தாடையும் காதும் கள்வனைக் காட்டிக்கொடுக்கும் என்றார். பின்வந்த ஆராய்ச்சியின்முன் அந்தக் கொள்கை நிற்கவில்லை.

ஆனால், அவர் நூல் வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1871-இல், இந்தியாவை ஆண்ட வெள்ளையர் அதே எண்ணத்தைச் சட்டமாக்கிவிட்டனர். குற்றப் பரம்பரைச் சட்டம்! 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. தொட்டிலிலே கிடக்கும் குழந்தை எதைத் திருடிற்று? ஆயினும் அதன் குலத்தின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. வளர்ந்தால் கைரேகை, ஊர்விட்டு ஊர் போக அனுமதி! எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கி வெடித்தது. மாண்டோருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, அந்த எண்ணம் ஒழிந்ததா?

பிறப்பு காரணமன்று என்றால், காரணம் எது? ஊகம் வேண்டாம், ஆராய்ந்தோரையே கேட்போம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே குளூக் தம்பதியர், சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவரையும், குற்றம் புரியாத 500 சிறுவரையும் எடுத்துக்கொண்டனர். வயது, அறிவுத்திறன், வாழும் பகுதி ஆகியவை ஒத்திருக்குமாறு இணையிணையாக நிறுத்தி ஒப்பிட்டனர். 1950-இல் நூல் வெளியாயிற்று. அதே வறுமை, அதே வகைத் தெரு. ஒருவன் தவறினான், மற்றவன் தவறவில்லை. ஏன்? வேறுபாடு வீட்டுக்குள்ளே தெரிந்தது. தவறியவன் வீட்டிலே கவனிப்பு இல்லை, பாசம் இல்லை, ஒருநாள் கொடிய அடி, மறுநாள் கேள்வி கேட்பாரே இல்லை.

அந்த ஆய்வேடுகள் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் நிலவறையிலே பெட்டிகளிலே உறங்கின. 1980-களிலே சாம்ப்சன், லாப் என்ற இரு அறிஞர்கள் அவற்றை வெளியே கொணர்ந்தனர். வறுமை நேராகப் பிள்ளையின் கையிலே கத்தியைக் கொடுப்பதில்லை. பெற்றோரை வாட்டி, பிள்ளையைப் பேணும் வலுவைப் பறித்து, அந்த வழியாகவே கேடு செய்கிறது என்று கண்டனர். அந்தச் சிறுவர்கள் எழுபது வயது எய்தும்வரை அவர்கள் வாழ்வைத் தேடித் தொடர்ந்தனர். கண்டது யாது? மிகக் கெட்டவர் எனப்பட்டோரும் நாளடைவில் குற்றத்தைக் கைவிட்டனர்! நிலையான வேலை ஒருவனைத் திருப்பியது. அன்புள்ள மனைவி ஒருவனைத் திருப்பினாள். படைப்பணி ஒருவனைத் திருப்பியது. நெடுஞ்சிறையோ, பின்னாளில் நிலையான வேலை கிடைப்பதையே கெடுத்தது. எவன் திருந்துவான் என்று சிறுவயதுக் குறிகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல அவர்களால் இயலவில்லை.

அப்படியானால் இளமைக்கும் பின்வாழ்வுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, மறைக்கமாட்டேன். தென் இலண்டனில் 1961 முதல் 411 சிறுவரைத் தொடர்ந்து கவனித்தனர். ஐம்பது வயதுவரை அவர்கள் பெற்ற குற்றத் தீர்ப்புகளில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு ஏழு பேருடையவை! வறுமை, கண்காணிப்பின்மை, பள்ளியிலே பின்தங்கல் முதலிய இடர்கள் அத்தகையோர் வாழ்வில் பத்து வயதுக்குள்ளேயே தெரிந்தன. ஆகவேதான் முன்னதாகக் கைகொடுங்கள் என்கிறேன்; முன்னதாகக் கைவிலங்கு பூட்டுங்கள் என்று சொல்லவில்லை.

கைகொடுத்தால் பலன் உண்டா? மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி ஊரிலே, 1962 முதல், 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று, நான்கு வயதிலே நல்ல பாலர் பள்ளி. வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்குச் சென்று தாயோடு பேசுவார். அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது கணக்கெடுத்தனர். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், பள்ளி கிடைக்காதோரில் 55 விழுக்காடு, கிடைத்தோரில் 36. இந்த 36-உம் சிறிய எண்ணன்று. பாலர் பள்ளி ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. ஆனால் இடையிலே மீட்கப்பட்டவர்கள் மனிதர்கள் அல்லவா?

இந்தியாவிலே 2015-ஆம் ஆண்டுச் சட்டம், கொடுங்குற்றத்தில் சிக்கும் 16 முதல் 18 வயதினரைப் பெரியோரைப் போலவே விசாரிக்க வழி திறந்தது. கொடுமைக்கு ஆளானோருக்கு நீதி வேண்டும்; அதில் இரு கருத்தில்லை. ஆனால் பதினாறு வயதிலே விழித்துக்கொள்ளும் அரசு, ஆறு வயதிலே எங்கே உறங்கிற்று என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அரசைக் கேட்கிறோம், நம்மையும் கேட்டுக்கொள்வோம், தோழர்களே! தேர்தல் வந்தால் பள்ளியைவிட்டு நின்ற பையனைத் தேடுகிறோம். சுவரொட்டி ஒட்டச் சொல்கிறோம். கொடி தூக்கச் சொல்கிறோம். தேர்தல் முடிந்தபின் அவன் எங்கே போகிறான்? அவனை மீண்டும் பள்ளியிலே சேர்க்க, ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க, மாலையிலே இந்தப் படிப்பகத்தில் ஓர் இடம் கொடுக்க, நம்முள் எத்தனை பேர் முன்வந்தோம்? நாம் விட்ட கையைப் பிடித்துக்கொள்ளச் சாராய வியாபாரி காத்திருக்கிறான், கூலிப்படைக்காரன் காத்திருக்கிறான்.

உங்கள் தெருவிலே அப்படி ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் பெயர் உங்களுக்குத் தெரியும். காவல் நிலையப் பதிவேட்டிலே ஏறுமுன், அந்தப் பெயர் நம் படிப்பகத்தின் ஏட்டிலே ஏறட்டும்!