அச்சம் உடன்வரினும் செயல் முன்செல்க!

(நூம்பலில் நிகழ்ந்த சொற்பொழிவின் சுருக்கம்)



தேர்வுக்கு முதல்நாள் உறக்கமிழக்கும் மாணவனும், வேலை நிலைக்குமோ என்று நெஞ்சு படபடக்கும் அம்பத்தூர்த் தொழிலாளியும் ஒரே வலையில் சிக்குகின்றனர். அச்சம் முற்றும் ஒழிந்த பின்னரே செயலில் இறங்குவதென்று காத்திருக்கின்றனர். அதுவோ ஒழிக்க ஒழிக்க வளர்கின்றது.

அமெரிக்க உளவியலறிஞர் இசுடீவன் ஏய்சும் துணைவரும் 1999-இல் நூலாக்கிய ஏற்பு–உறுதி உளமருத்துவம் வேறு வழி காட்டுகின்றது. அச்சத்தோடு மற்போர் வேண்டா. அது வந்துள்ளதை ஒப்புக்கொள்க. ‘தோற்றுவிடுவேன்’ என்பதை, ‘தோற்றுவிடுவேன் என்றோர் எண்ணம் எழுகின்றது’ என மாற்றிச் சொல்க. எண்ணம் வேறு, எண்ணுவோர் வேறு என்பது அப்போது விளங்கும். பின்னர், வாழ்வில் தாம் உயர்வாக மதிப்பதன் பொருட்டு அன்றைக்கியன்ற சிறுசெயல் ஒன்றைச் செய்க.

இம்மருத்துவத்திற்குச் சொல்லே கருவி. ஆகலின் அது நோயுற்றார்தம் தாய்மொழியில் நிகழ்தல் வேண்டும். தொல்காப்பியர் அச்சத்தை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களன்களை நான்கென வகுத்தார். ஈழத்தமிழர் ‘பதகளிப்பு’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். இங்குள்ளோரோ கவலை, கலக்கம், பதற்றம், திகில் அனைத்தையும் ‘டென்சன்’ என்னும் ஒரே கடன்சொல்லுள் புதைத்துவிட்டனர். இன்னதென்று பெயரிட்டுச் சொல்லவியலாத துன்பத்தை மருத்துவர்க்கு எங்ஙனம் உரைப்பது?

2022-இல் நடுவணரசு தொடங்கிய உளநலத் தொலைப்பேசி உதவி (14416) தமிழிலும் கிடைக்கின்றது. உணவும் உறக்கமும் கெடுமாயின் தயங்காது அழைக்க, தமிழிலேயே பேசுக. உளமருத்துவரை நாடுதல் இழிவன்று. தன் துன்பத்தைத் தன் மொழியில் சொல்லவும் நாணுதலே இழிவு.

வாழ்க தமிழ்! வெல்க துணிவு!