துணைப்பாட ஆசிரியரைப் பற்றி எங்கே விசாரிப்பது?

மார்சிலிங்கிலிருந்து வந்திருக்கும் ஓர் அக்கா கேட்டார்: "மகளுக்குத் துணைப்பாடம் சொல்லித்தர ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பாலியல் குற்றத்துக்காக அவர் முன்பு தண்டனை பெற்றவரா என்று எங்கே தேடுவது, தம்பி?"

தேட இடமில்லை, அக்கா. சிங்கப்பூரில் குற்றவாளிகள் பதிவேடு காவல்துறையிடம் இருக்கிறது. பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது. இந்தியா 2018இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் இருந்தன. அதையும் காவல்துறையினர் போன்ற அதிகாரிகள்தான் பார்க்கலாம். அமெரிக்காவில், 1996ஆம் ஆண்டின் மேகன் சட்டத்துக்குப் பிறகு, இணையத்தில் எவரும் தேடலாம்.

'நமக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும்' என்று தோன்றும். ஆனால், பிடிபட்டுத் தண்டனை பெற்றவர் பெயர்தானே அதில் வரும்? பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். குற்றவாளி தகப்பனாகவோ மாமாவாகவோ இருந்தால், அவர் பெயரைச் சொன்னாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அதனால்தான் நம் நீதிமன்றங்கள் சில வழக்குகளில் குற்றவாளியின் பெயரையும் வெளியிட விடுவதில்லை.

ஆகவே, அந்த ஆசிரியர் முன்பு பாடம் நடத்திய இரண்டு குடும்பங்களிடம் விசாரியுங்கள். பாடம் கூடத்தில் நடக்கட்டும். "அவர் வேண்டாம்மா" என்று பிள்ளை சொன்னால் அதட்டாமல் காரணம் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆபத்து என்றால் 999.

அக்கா, இன்றிரவே மகளிடம் பேசிவிடுங்கள்.