நீர்மூழ்கி வீரர் சின்னமும் நம் வீட்டுப் பதக்கமும்

(ஈஜிபுரா ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தபால்தலையும் பழங்காசும் சேர்ப்பாரை நாம் அறிவோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கி வீரர் அணிந்த மார்புச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்பாரும் உலகில் உளர். அக்கடற்படை நமக்கு முற்றும் அயலானதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைமீது குண்டு வீசிய எம்டன், நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 1943-இல் நேதாஜியை ஏற்றிவந்து, மடகாஸ்கரை அடுத்த கடலில் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் சேர்த்ததும் யு-180 என்னும் ஜெர்மானியக் கலமே.

இச்சின்னம் 1939 அக்டோபர் 13-இல் ஏற்படுத்தப்பெற்றது. பொதுவாக இரண்டு போர்ப்பயணம் முடித்தவர் அதற்கு உரியராயினர். நீள்வட்ட இலைமாலை, நடுவே கலம், மேலே கழுகும் நாஜிகளின் சுவஸ்திகமும். நம் நாட்டார் மங்கலமாக எழுதும் குறியோடு அதனை வைத்து மயங்குதல் கூடாது. அக்கழுகின் கீழ் நிகழ்ந்த கொடுமைகள் உலகறிந்தவை.

தொடக்கத்தில் டாம்பாக் என்னும் செம்புக் கலவையில் அச்சடித்துப் பொன்முலாம் பூசினர். போர் முற்றி உலோகம் அரிதாகவே, துத்தநாகத்துக்கு மாறினர். துத்தநாகத்தில் முலாம் நெடுநாள் நில்லாது. ஆதலின் பிற்காலத்துச் சின்னங்கள் பல சாம்பல் பூத்தே கிடைக்கின்றன. போலி செய்வார் மலிந்த தொழில் இது. தேர்ந்தவர் முகப்பின் பளபளப்பை நம்பார்; புரட்டிப் பார்த்து ஊசியையும் கீலையும் ஆராய்வர். 1957-இல் மேற்கு ஜெர்மனி சுவஸ்திகம் நீக்கிய வடிவை மட்டும் அணிய இசைந்தமையால், அவ்வகையும் சந்தையில் உண்டு.

இத்துணை நுணுகி நோக்கியும், அணிந்தவன் யார் என்பது சின்னத்தில் கிட்டுவதில்லை. பின்புறத்தில் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். வீரன் பெயர் இராது. அக்கலங்களில் சென்ற ஏறத்தாழ 40,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் கரை திரும்பவில்லை.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். அல்சூர் ஏரிக்கரையில் சென்னைச் சாப்பர் படையின் தலைமையிடம் உள்ளது. தண்டுப் பகுதியை ஒட்டி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பாட்டனார் படையில் இருந்தவை பல. முதற்போரில் பணிசெய்த சிப்பாய்க்கு அளித்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி. அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு யாவும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் இந்தியர்க்கு வழங்கிய பதக்கங்களிலும் பெயர் உண்டு. ஜெர்மானியச் சின்னத்தில் ஆர்வலர் தேடிக் காணாதது, நம்முடையவற்றின் விளிம்பிலேயே இருக்கிறது! நாமோ எடைபோட்டு விற்றோம். 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் இத்தகைய பதக்கங்கள் உருக்கப்பட்டன. கூலிப்படையினர்க்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தனர். மூசைக்கு அதனால் பயனில்லை என்பதே அதற்குக் காப்பு.

ஆதலின் அன்பர்காள்! பரணிலோ பழம்பெட்டியிலோ பதக்கம் இருப்பின், புளியிட்டுத் துலக்க வேண்டா, எழுத்துத் தேயும். பூதக்கண்ணாடி கொண்டு விளிம்பைப் படியுங்கள். ஆங்கில எழுத்து விளங்காவிடின் பள்ளிப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணையும் பெயரையும் எழுதி, பாட்டனாரைப் பற்றிப் பாட்டியார் சொல்வதையும் அதனடியில் குறித்து, நம் சங்கத்தில் ஒரு படி தாருங்கள். பதக்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.