சமூகப் பணிக் கல்வியும் நம் தீவுப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வி குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கியவர் நாம். தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில்வே முன்பதிவுச் சாளரத்தின் பின் அமர்ந்திருப்பவர். இரயிலைக் காணாமலே இரயிலுக்குச் சீட்டுக் கொடுப்பவர், பல்கலைக்கழகத்தைக் காணாமலே அதைப் பற்றியும் பேச வந்துவிட்டார் என்று நீங்கள் நகைக்கலாம். எனினும் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் மூத்த மகள் இளங்கலைப் பட்டத்தின் இறுதியாண்டில் பயில்கிறாள். ஓர் இரவு உணவின்போது, "அப்பா, நான் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறேன்" என்றாள். அஃது யாதென வினவினோம். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் என்றாள். "சேவை செய்வதற்கும் பட்டம் வேண்டுமா? நம் சங்கத்து அன்னதானத்தில் இலை போடுகிறோமே, அதற்கு யார் பட்டம் வாங்கினோம்?" என்று கேட்டோம். அவள் மறுமொழி கூறாமல் தட்டோடு எழுந்து போனாள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் சொன்னது தவறு என்பதை நம் வாழ்வே நமக்கு முன்னர்க் காட்டியிருந்தது.

1999-ஆம் ஆண்டில் நம் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். இருப்புப் பாதையைச் செப்பனிடும் கேங்மேன் வேலை அவருடையது. அப்போது நமக்கு வயது பதினெட்டு. உற்றார் வந்தனர், மாலையும் அரிசியும் கொண்டுவந்தனர், அழுதனர், காரியம் முடிந்து ஊர் திரும்பினர். அதற்குப் பின் ஒரு நாள் காலையில் மிதிவண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். அவரை வெல்பேர் இன்ஸ்பெக்டர் என்பார்கள். பணியாளர் நல ஆய்வாளர். திண்ணையில் அமர்ந்து, முதலில் அன்னையாரின் பெயரைக் கேட்டார். பணிப்பதிவேட்டில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறொரு பெயருமாக இருந்தது. "இதைச் சரி செய்யாவிட்டால் மற்றவை எல்லாம் நின்றுவிடும், அம்மா" என்றார். வருங்கால வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, கருணை அடிப்படையில் நமக்கு வேலை என ஒவ்வொன்றையும் விளங்கச் சொன்னார். அன்னையார் கையெழுத்திட அறியாதவர். ஒவ்வொரு தாளையும் உரக்கப் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பின்னரே கைநாட்டு வாங்கினார். எட்டு மாதங்களில் பலமுறை வந்தார். ஒரு குவளைத் தேநீர் தவிர வேறெதையும் தொட்டவரல்லர்.

அவர் தொழிலாளர் நலத்தில் பட்டயம் பெற்றவர் என்பதை நாம் பணியில் சேர்ந்த பின்னரே அறிந்தோம். இரயில்வேயில் அப்பதவிக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்போது, தொழிலாளர் நலம், சமூக நலம் போன்ற துறைகளில் படித்தவரையே கேட்கின்றனர். ஆகவே நம் குடும்பம் தெருவில் நில்லாமல் காத்தது ஒருவருடைய இரக்கம் மட்டுமன்று. அவர் கற்ற கல்வியுமாகும்.

இக்கல்வியின் வரலாறு நீண்டதன்று. 1898-இல் நியூயார்க் நகரில், அறநிலையங்களில் பணியாற்றுவோர்க்கென ஒரு கோடைக்காலப் பயிற்சி தொடங்கினர். நம் நாட்டில் 1936-இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரால் ஒரு பள்ளி ஏற்பட்டது. அமெரிக்கரான கிளிபோர்டு மன்ஷார்ட் அதன் முதல் தலைவர். பம்பாயின் நாகபாடாப் பகுதியில் எளிய மக்களிடையே பணியாற்றியவர். அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். தமிழ்நாட்டில், உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கு உபசரணைக் குழு நடத்திய மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார், 1952-இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். எழும்பூரில் அஃது இன்றும் நடைபெறுகிறது. வாழ்நாளெல்லாம் தொண்டு செய்த ஒருவரே, தொண்டுக்கும் பயிற்சி வேண்டுமென்று பள்ளி ஒன்று காண முற்பட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அங்கே என்னதான் கற்பிக்கின்றனர்? மகள் கொணர்ந்த பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். தனியொருவருக்கு உதவும் முறை, குழுவோடு பணியாற்றும் முறை, ஊரை ஒன்று திரட்டும் முறை, சட்டம், உளவியல், ஆய்வு எனப் பல. நம்மைக் கவர்ந்தது களப்பணியே. பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் மாணவர் வகுப்பில் இரார். மருத்துவமனையிலோ, குழந்தைகள் இல்லத்திலோ, குடிசைப் பகுதியிலோ, ஆலையிலோ இருப்பர். கண்டதையும் செய்ததையும் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். "நீ ஏன் அப்படிக் கேட்டாய்? அவர் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று ஆசிரியர் துருவுவாராம். நம்மை இவ்வாறு துருவியிருந்தால் நாம் இரண்டாம் நாளே ஓடி வந்திருப்போம்.

இனி நம் தீவுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை இங்குள்ளோர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. 1964-ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழருள் சிலர் கச்சால் தீவின் இரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். நம் மனைவியின் சின்னம்மா அவர்களுள் ஒருவர். கணவரையும் மகனையும் கடல் கொண்டது. போர்ட் பிளேர் முகாமுக்கு வந்த சின்னம்மா பல நாள் பேசவில்லை, உணவைத் தொடவில்லை. வந்தவர் எல்லாரும், "அழுதுவிடு, பாரம் குறையும்" என்றும், "எல்லாம் விதி" என்றும் ஆறுதல் கூறினர். அவர் சுவரையே நோக்கியிருந்தார்.

அந்நாளில் பெங்களூருவிலிருந்து நிம்ஹான்ஸ் என்னும் மனநல நிறுவனத்தார் இங்கு வந்து, ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தனர். அவ்வாறு பயின்ற ஓர் அங்கன்வாடிப் பெண் சின்னம்மாவின் அருகே வந்து அமர்வார். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முகாம் சமையலறையில் அரிசி பார்க்க ஆளில்லை, சற்றே வர முடியுமா என்று கேட்டார். சின்னம்மா எழுந்து போனார். முறத்தைக் கையில் எடுத்த மூன்றாம் நாள், தம் மகன் கல் கிடந்த சோற்றைத் துப்பிவிடுவான் என்று சொன்னார். அதுவே அவர் வாய் திறந்து சொன்ன முதல் சொல் என்பர் வீட்டார். பின்னர் அப்பெண்ணே, உடல் கிடைக்காதவர்களுக்கு இறப்புச் சான்று பெறும் மனுவையும் எழுதிக் கொடுத்தார்.

அறியாது செய்த உதவியையும் அப்போது கண்டோம். இவ்வெப்பத்திற்குக் கம்பளி ஆடைகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. நிக்கோபாரி மக்கள் 'துகெத்' என்னும் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர். தென்னந்தோப்பும் பன்றியும் அவர்களுக்குப் பொது. இழப்பீட்டுத் தொகையோ கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு குடும்பக் கணக்கில் வழங்கப்பட்டது. கடலுக்குத் தப்பிய கூட்டுக் குடும்பங்கள் பணத்தால் பிளவுபட்டன என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கொடுத்தவர் எண்ணத்தில் குற்றமில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கேட்டறியவில்லை.

இத்தீவில் விலகி நிற்பதும் ஒரு பணியே. 1976-இல் நிறுவப்பட்ட ஆதிம் ஜனஜாதி விகாஸ் சமிதி தொல்குடியினர் நலனைக் கவனிக்கிறது. ஜாரவாக்கள் குறித்த 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, அவர்கள் வாழ்வில் தலையீடு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது. நெடுஞ்சாலையில் பிஸ்கட்டு வீசியவர்களும் தம்மை இரக்கமுள்ளவர் என்றுதான் கருதியிருப்பர்.

பெற்றோர் கேட்கும் கேள்வி நமக்குத் தெரியும்: "படித்தால் வேலை கிடைக்குமா?" கிடைக்கும், ஆனால் எவ்வகை வேலை என்பதை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் பதவி பழமையானது. 500 தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் அவர் இருத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அவ்வெண்ணிக்கையை 250 ஆகக் குறைத்துள்ளது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் உண்டு. உறுப்பு மாற்று மருத்துவமனைகளில், துயரத்தில் இருக்கும் குடும்பத்தோடு பேசும் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம்; அதற்குச் சமூகப் பணி படித்தவர் தகுதியுடையவர். மனநலத் துறையில் முதுகலைக்குப் பின் மேலும் இரண்டாண்டு எம்.பில். பயின்றோர் மனநல சமூகப் பணியாளர் ஆகி வந்தனர். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடுவரோடு சமூகப் பணியாளர் இருவர் அமர்கின்றனர்; அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அனுபவம் முதிர்ந்த பின் எட்டக்கூடிய இடம் அது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும், பெண்களுக்கான உதவி மையங்களிலும் தொடக்க நிலைப் பதவிகள் உள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள், தொகுப்பூதியம், ஆண்டுதோறும் நீட்டிப்பு வருமா என்று காத்திருத்தல். இரவில் அழைப்பு வரும். மணப்பந்தலில் மாப்பிள்ளை வீட்டார்க்குச் சொல்லிப் பெருமைப்படத்தக்க பதவி அன்று.

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னோம். தனக்குத் தெரியும் என்றாள். "தாத்தா செத்தபோது வந்தாரே, அவருக்கு இரவில் அழைப்பு வராமலா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். பாட்டியிடம் கதை கேட்டிருக்கிறாள். நாம் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

சேரும் வழி எளியது. பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். தாவரவியல் படித்தவர்க்கும் தடையில்லை. படிப்புக் காலம் இரண்டாண்டு. சென்னையில் சமூகப் பணிப் பள்ளி, இலயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகள். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவை நமக்கு அணுக எளியவை. நடுவண் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. கடைசி நாளைத் தவற விடாதீர்கள். கடல் கடந்து பிள்ளையை அனுப்ப இயலாதவர்கள், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் இங்கேயே இருப்பதை மறக்க வேண்டா. அஃது அஞ்சல் வழியில் சமூகப் பணி கற்பித்து வந்துள்ளது. இவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து முடிவு செய்க.

நம் மகளின் விண்ணப்பம் சென்ற வாரம் அனுப்பப்பட்டது. கட்டணத்தை நாமே செலுத்தினோம். இடம் கிடைப்பின் கப்பலில் மூன்று நாள் பயணம். அங்கிருந்து இரயில் ஏற வேண்டி வந்தால், சீட்டு எடுத்துக் கொடுக்க அப்பன் இருக்கிறான்.

விண்ணப்பம் நிரப்புவதில் ஐயமுள்ளோர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்திற்கு வருக. மகளும் நாமும் இருப்போம். சான்றிதழ்களில் பெயரும் தலையெழுத்தும் ஒன்று போல உள்ளனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவது நலம்.